யுஸ்டினாவின் பன்னிரண்டாம் துண்டு

லேஸுக்குப் பேர்போன இத்ரியாவில் பிறந்த ஒரு பெண், எனக்கு லேஸ் பின்னத் தெரியாது என்று சொன்னால் ஊர் நம்பாது. ஏதோ கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்ளும். யுஸ்டினா லபாய்னேவுக்குப் பின்னத் தெரியும். ஆனால் ஊரே ஒரு பக்கமாகப் பின்ன, அவள் மறுபக்கமாகப் பின்னினாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாற்பத்தாறு வருஷம்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு கூடை, கூடையில் உருளைத் திண்டு, திண்டின்மேல் படம் வரைந்த தாள், தாளில் குண்டூசிகள், ஊசிகளிலிருந்து தொங்கும் நூல், நூல் சுற்றிய ஏழு ஜோடி மரக்கட்டைகள். கைக்கு இரண்டே வேலைதான். இடப்பக்கத்துக் கட்டையை வலதுக்கு மேலே போட்டால் குறுக்கு. வலப்பக்கத்துக் கட்டையை இடதுக்கு மேலே போட்டால் முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு, ஊசி. ஊரில் எல்லார் கையும் அப்படித்தான் போகும். யுஸ்டினாவின் கை இரண்டையும் மாற்றிப் போடும்.

அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அதுதான் காரணம். அப்பா பாதரசச் சுரங்கத்தில் உழைத்துக் கைநடுக்கம் வந்து படுத்துவிட்டவர். அம்மா லேஸ் வியாபாரிக்காக விடிந்தது முதல் பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் திட்டக்கூட நேரம் கிடையாது. அம்மாவின் பக்கத்தில் தம்பியின் தொட்டில். மிச்சமிருந்த ஒரே இடம் மேஜைக்கு எதிர்ப்பக்கம். எட்டு வயது யுஸ்டினா அங்கே உட்கார்ந்து கண்ணாலேயே திருடினாள். அம்மா இடதை எடுத்து வலதுமேல் போடுவது, எதிரே இருந்தவளுக்கு வலதை எடுத்து இடதுமேல் போடுவதாகத் தெரிந்தது. அப்படியே செய்தாள். லேஸ் வந்தது. அழகாகவே வந்தது. இதற்குமேல் என்ன வேண்டும் ஒரு பிள்ளைக்கு?

வியாபாரி மாதம் ஒருமுறை வருவான். அம்மாவின் லேஸை வெளிச்சத்தில் பிடித்து, உதட்டைப் பிதுக்கி, இங்கே இழுத்திருக்கிறது, அங்கே அழுக்காகியிருக்கிறது என்று நொட்டை சொல்லி விலையைக் குறைப்பான். அம்மா தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொள்வாள். அந்தக் குனிந்த தலையை யுஸ்டினா மறக்கவே இல்லை. நான் பின்னுவதில் ஒரு விரற்கடைகூட விற்கமாட்டேன், எவனும் என் லேஸை உதட்டைப் பிதுக்கிப் பார்க்கக்கூடாது என்று பன்னிரண்டு வயதில் சொன்னவள், ஐம்பத்து நாலு வயதுவரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

பிழைப்புக்குச் சுரங்கத்தின் சலவைக்கூடம். இருபத்தெட்டு வருஷம் சுரங்கத்தான்களின் அழுக்குச் சட்டைகளோடு மல்லுக்கட்டினாள். கல்யாணம் ஒன்று நடந்தது. பஸ் ஓட்டின மிர்கோ பதினோரு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, ஒரு நாள் பஸ்ஸை நோவா கோரிட்சாவில் நிறுத்தி அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "போனவன் போனான், ஜன்னலோர நாற்காலி காலியாச்சு" என்று சொல்லி, அந்த நாற்காலியில் தன் திண்டுக் கூடையைத் தூக்கி வைத்தாள். மகள் படித்து, தலைநகர் லியுப்லியானாவுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு யுஸ்டினாவுக்கு உலகத்தில் மனிதர்கள் என்று இருந்தது செவ்வாய்க்கிழமை வட்டம் ஒன்றுதான்.

தீயணைப்பு நிலையத்து மாடியில், செவ்வாய்தோறும் மாலை நாலு மணிக்குப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். எல்லாரும் ஆசைக்குப் பின்னுகிறவர்கள். கட்டைகள் டக் டக்கென்று மோத, ஊரில் இருப்பவர்களின் வண்டவாளம் எல்லாம் அங்கே தண்டவாளம் ஏறும். யுஸ்டினாவின் பக்கத்து நாற்காலி ஸோர்காவுடையது. முப்பது வருஷம் தபால் கொடுத்தவள்; யார் வீட்டுக்கு யார் கடிதம் எழுதினார்கள் என்பது இன்றும் மனப்பாடம். ஆம்பிளை என்று ஒரே ஒருத்தர், சுரங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற லுத்விக். "பொம்பளைங்க நடுவுல என்னய்யா வேலை உனக்கு?" என்று யாராவது கேட்டால், "நாப்பது வருஷம் ஆம்பிளைங்களோட பூமிக்கடியில கெடந்தேன், போதும்டா சாமி" என்பார்.

வட்டத்துக்குத் தலைவி பெர்னார்தா டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று, போன வருஷம்தான் தலைவியானார். நேர்மையான மனுஷி; அதில் பொய் சொல்லக்கூடாது. ஆனால் தப்பைக் கண்டுபிடிக்காத நாள் அவருக்குச் சோறு இறங்காத நாள்.

அந்த ஆண்டு வட்டத்துக்கு முப்பது வயது. ஜூன் மாத லேஸ் திருவிழாவுக்குப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெரிய வட்ட விரிப்புப் பின்னுவது என்று முடிவாயிற்று. ஆளுக்கு ஒரு துண்டு. பன்னிரண்டையும் கொக்கி ஊசியால் இணைத்து, ஒவ்வொரு துண்டின் அடியிலும் பின்னியவர் பெயரைத் துணியில் எழுதித் தைத்து, தீயணைப்பு நிலைய மண்டபத்துச் சுவரில் நிரந்தரமாக மாட்டிவிடுவது. யுஸ்டினாவின் பெயர் இதுவரை எழுதப்பட்ட இடம் மின்சாரக் கட்டண ரசீதும் சலவைக்கூட வருகைப் பலகையும்தான். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை; ஆனால் அந்தப் பெயர்த் துணியை அவள் மூன்று முறை எழுதிப் பார்த்தாள்.

மே மாத முதல் செவ்வாய்க்கிழமை டீச்சர் பூதக்கண்ணாடியும் கையுமாக வந்தார். ஒவ்வொரு துண்டாகப் பார்த்து, "இங்க ஒரு முறுக்கு விட்டுப்போச்சு, பரவாயில்ல" என்று நகர்ந்தார். பன்னிரண்டாவதாக யுஸ்டினாவின் துண்டு. குனிந்தவர் நிமிரவில்லை. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனார். கட்டைச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"யுஸ்டினா, எங்க, ரெண்டு ஊசி என் முன்னால போடு பாக்கலாம்."

போட்டாள். டீச்சரின் முகம் சுருங்கியது. "இது என்ன? தலைகீழாப் போடறே!"

"நான் எப்பவும் இப்படித்தான் டீச்சர் போடறேன்."

"எப்பவும்னா?"

"எட்டு வயசுலேர்ந்து."

லுத்விக் சமாதானத்துக்கு வந்தார். "அதுக்கென்ன டீச்சர், தைக்கும்போது அந்தத் துண்டைத் திருப்பிப் போட்டுட்டா சரியாப் போயிடும்."

"போகாது! கயித்தைத் திருப்பிப் பாரும். எந்தப் பக்கம் முறுக்கினதோ, குப்புறப் போட்டாலும் அந்தப் பக்கம்தான் முறுக்கியிருக்கும். மத்த பதினோரு துண்டும் ஒரு திசை, இது ஒரு திசை. வெளியூர்லேர்ந்து விஷயம் தெரிஞ்சவங்க வந்து பாத்தா, இத்ரியாக்காரங்களுக்குக் குறுக்கு எது முறுக்கு எதுன்னு தெரியாதான்னு கேப்பாங்க." அவர் யுஸ்டினாவைப் பார்த்தார். "ஆறு வாரம் இருக்கு. அவிழ்த்துட்டு முறையாப் பின்னிக் கொடு."

"அவிழ்க்க மாட்டேன்."

"என்னது?"

"அதுல ஒரு ஓட்டை காட்டுங்க, ஒரு இழுப்பு காட்டுங்க, அவிழ்க்கறேன். திசை மாறினதுக்கெல்லாம் அவிழ்க்க மாட்டேன்."

"அப்ப வேற யாராவது பின்னட்டும்."

"பின்னட்டும். என் துண்டைக் கொடுங்க, நான் போறேன்."

"வட்டத்தோட நூல்ல பின்னினது. வட்டத்துக்குச் சொந்தம்." டீச்சர் அதை மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். யுஸ்டினா கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். தெருமுனை திரும்பும்வரை நிமிர்ந்துதான் நடந்தாள். வீட்டில் பாத்திரம் கழுவும்போதுதான் அழுதாள். கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு அழுதாள். அந்தப் பன்னிரண்டு நாற்காலியை விட்டால் அவளுக்குப் போக்கிடம் ஏது?

மறுநாள் ஸோர்கா ஒரு தட்டு வால்நட் ரொட்டியோடு வந்தாள். "ஏண்டி, உனக்கு எதுக்கு இந்த வீம்பு? ஊரோட ஒத்துப் போயேன். கையை மாத்திப் போட்டாப் போச்சு."

"ஏன் மாத்தணும்?"

"சரி, மாத்தாதே. நான் ஒரு வழி சொல்றேன். நான் ஒரு துண்டு பின்னித் தரேன், நீ பின்னினதுன்னு கொடுத்துடு. உன் பேரும் ஏறிடும், அந்த அம்மா வாயும் அடங்கிடும். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"நீ ரொம்ப யோக்கியம்! அந்த அம்மாவும் நீயும் ஒரே ரகம்டி. பிடிச்ச முயலுக்கு மூணே காலு." ரொட்டியில் பாதியைத் தானே தின்றுவிட்டு ஸோர்கா போனாள்.

ஆனால் அவள் சொன்னது யுஸ்டினாவைக் குத்தியது. மாற்றமாட்டேன் என்கிறேனே, என்னால் மாற்ற முடியுமா? முடியாததை மாட்டேன் என்று சொல்லிக்கொள்வது வெறும் வாய்ச்சவடால் இல்லையா? திண்டை எடுத்து வைத்தாள். இடதை வலதுக்கு மேலே. நாலு ஊசிவரை ஒழுங்காகப் போனது. ஐந்தாவதில் கை பழைய வழிக்கு ஓடியது. அவிழ்த்தாள். மறுபடி. இப்போது பாதி இப்படியும் பாதி அப்படியுமாக வந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. முழுக்க மாற்றிப் பின்னினாலும் லேஸ் லேஸ்தான். கலந்து பின்னினால் அது குப்பை. "தூ, நீயெல்லாம் ஒரு கையா!" என்று தன் வலது கையையே அடித்தாள். மூன்று நாள் இந்தக் கூத்து. நாலாம் நாள், ஒவ்வொரு அசைவையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் போட்டாள். ஐந்தாம் நாள் வாய் நின்றது, கை போனது. திங்கட்கிழமை மாலைக்குள் ஒரு சாண் நீள லேஸ், ஊர் வழக்கப்படி, ஒரு பிசகும் இல்லாமல் தயார்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அதை டீச்சரின் முன்னால் வைத்தாள். "கண்ணாடி போட்டுப் பாருங்க."

டீச்சர் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம். "பாத்தியா! இவ்வளவுதான் விஷயம். அருமையா வந்திருக்கு. இதே மாதிரி முழுத் துண்டும்..."

"முடியும்னு காட்டத்தான் கொண்டு வந்தேன்," என்றாள் யுஸ்டினா. "தெரியாமப் பின்றேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது பாருங்க. முடியும். இப்பச் சொல்றேன், மாட்டேன்." ஸோர்காவின் கூடையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அந்த ஒரு சாண் லேஸைக் குறுக்கே வெட்டினாள்.

யாரோ "ஐயோ" என்றார்கள். லேஸ் பின்னுகிறவர்கள் முன்னால் லேஸை வெட்டுவது சாமானியக் காரியமா? லுத்விக் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சரின் உதடு வெளுத்துவிட்டது. "இது திமிர்," என்றார்.

"ஆமா, திமிர்தான்," என்று சொல்லிவிட்டு யுஸ்டினா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. தனக்கென்று கொண்டுவந்த வேறொரு பின்னலை எடுத்து வைத்து, தன் வழியிலேயே, வேண்டுமென்றே கட்டைகளை உரக்க மோதவிட்டுப் பின்னினாள்.

டீச்சர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "பன்னிரண்டாவது துண்டை யார் எடுத்துக்கறீங்க? ஸோர்கா?"

"எனக்கு முழங்கால் வலி டீச்சர்."

"முழங்காலாலயா பின்றே?"

"வலி மேல ஏறுதே, அதுக்கு நான் என்ன பண்ண?"

"லுத்விக்?"

"கோழிக்கூடு கட்டிட்டிருக்கேன் டீச்சர். ஆறு வாரம் ஆகும்."

"உம்மகிட்ட கோழியே இல்லையே!"

"கூடு கட்டினாத்தானே கோழி வரும்."

ஒருத்திக்குப் பேத்தியின் பல் முளைக்கும் நேரம். ஒருத்திக்குக் கண்ணில் தூசி, அது எப்போது போகும் என்று வைத்தியருக்கே தெரியவில்லையாம். இப்படியே ஒரு சுற்று வந்தது. யுஸ்டினாவுக்காக யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் ஒருத்தரும் அந்தத் துண்டைத் தொடத் தயாராகவும் இல்லை. டீச்சருக்கும் புரிந்தது. "சரி," என்றார். "நானே பின்றேன்." அவருடைய சொந்தத் துண்டு ஏற்கெனவே முடிந்திருந்தது; அதோடு இன்னொன்று.

அடுத்த நாலு செவ்வாயும் யுஸ்டினா தவறாமல் போனாள். தன் மூலையில் உட்கார்ந்து பின்னினாள். டீச்சர் எதிர்மூலையில் குனிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, பன்னிரண்டாவது துண்டைப் பின்னினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஊசி போடும் நேரத்தைவிட, டீச்சர் கண்ணைத் தேய்க்கும் நேரம் அதிகமாகிக்கொண்டே வந்தது. அதைப் பார்த்து சந்தோஷப்படத்தான் யுஸ்டினா நினைத்தாள். வரவில்லை சந்தோஷம். அவள் நெஞ்சில் கிடந்ததெல்லாம் ஒன்றுதான்: சுவரில் பன்னிரண்டு துண்டு தொங்கும், ஒன்றின் அடியிலும் தன் பெயர் இருக்காது.

திருவிழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது காலையில் கதவு தட்டப்பட்டது. நாலு மாடி ஏறி வந்த பெர்னார்தா டீச்சர், சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். யுஸ்டினா ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொடுத்தாள். டீச்சர் குடித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து மேஜைமேல் பிரித்தார். உள்ளே யுஸ்டினாவின் துண்டு.

"உன் பேரைத் தைச்சுக் கொடு. நாளைக்கு இணைக்கறோம்."

யுஸ்டினா துண்டின் ஓரத்தை ஒருமுறை தடவினாள். ஆனால் அவள் யார், சும்மா விடுவாளா? "உங்க துண்டு என்ன ஆச்சு?"

"அதை விடு."

"விடமாட்டேன். பின்னி முடியலையா? வேற ஆள் இல்லாம இதைக் கொண்டு வந்தீங்களா?"

"முடியலைங்கறதும் நெஜம்தான். அதுக்காக மட்டும் வரல." டீச்சர் பேச்சை மாற்றினார். "தைச்சுக் கொடும்மா. யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம். கண்ணாடி வெச்சுப் பாத்தாத்தான் தெரியும். பேசாம மாட்டிடலாம்."

"நீங்களா டீச்சர் இதைச் சொல்றது?" யுஸ்டினாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "ஒளிச்சு வெச்சு மாட்டறதா இருந்தா, ஸோர்கா அன்னிக்கே வழி சொன்னா. எனக்கு வேண்டாம். ஒளிச்சு வெச்சா நான் திருடின மாதிரி ஆயிடும். மாட்டறதா இருந்தா, பக்கத்துல அட்டையில எழுதுங்க: யுஸ்டினா லபாய்னே, குறுக்கும் முறுக்கும் மாத்திப் பின்னினது. திருவிழா அன்னிக்கு எல்லார் முன்னாலயும் நீங்களே வாசிக்கணும்."

"ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எங்கம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு லேஸைக் கொடுத்தா. நான் கொடுக்கமாட்டேன்."

டீச்சர் அந்தத் துண்டை யுஸ்டினாவின் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு எழுந்தார். "பேர்த் துணியை எழுத்துப்பிழை இல்லாம எழுது," என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

திருவிழா நாளன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. தீயணைப்பு வீரர்களின் ஊதுகுழல் கோஷ்டி ஓய்ந்ததும் திரையை விலக்கினார்கள். பன்னிரண்டு துண்டும் சேர்ந்த அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்துக் கூட்டம் ஆவென்றது. டீச்சர் அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பின்வரிசையில், மிர்கோவோடு கல்யாணம் செய்துகொண்ட நாளில்கூடப் போடாத நல்ல நீல உடுப்பில் யுஸ்டினா நின்றுகொண்டிருந்தாள். ஸோர்கா அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"பன்னிரண்டு," என்றார் டீச்சர். அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனார். "யுஸ்டினா லபாய்னே. குறுக்கும் முறுக்கும் மாத்திப் பின்னினது."

மண்டபம் முழுக்க முணுமுணுப்பு. இத்ரியாக் கூட்டம் அது. பாதிப் பேருக்குமேல் பின்னத் தெரிந்தவர்கள். எட்டி எட்டிப் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு தடித்த அம்மாள் கேட்டேவிட்டாள்: "அப்ப அது தப்பா, டீச்சர்?"

"தப்புதான்," என்றார் டீச்சர்.

யாரோ சிரித்தார்கள். யுஸ்டினாவின் காது கொதித்தது. ஸோர்காவின் பிடியை உதறிவிட்டு ஒரு அடி முன்னால் வைத்தாள். ஆனால் டீச்சர் இன்னும் முடிக்கவில்லை.

"சிரிக்கறவங்க கொஞ்சம் கேட்டுக்கிட்டுச் சிரிங்க. இந்தச் சுவர்ல இருக்கற எல்லாத் துண்டையும் நான் கண்ணாடி வெச்சுப் பாத்தேன். பதினோரு துண்டுலயும் எங்கயாவது ஒரு எடத்துல கை தவறியிருக்கு. என் துண்டுல மூணு எடம். இந்தப் பன்னிரண்டாவதுல, முதல் ஊசியிலேர்ந்து கடைசி ஊசிவரைக்கும், ஒரு எடத்துலயாவது இவ தவறிப்போய் நம்ம மாதிரி போட்டிருக்காளான்னு மூணு தடவை தேடினேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு எடத்துலகூடப் போடல."

சிரித்தவர்களும் இப்போது சுவரை நெருங்கிப் பார்த்தார்கள். இத்தனை பின்னுகிற கைகளுக்கு, அது எத்தனை பெரிய காரியம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"அதையும் அட்டையில எழுதிடுங்க, டீச்சர்!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினாள் யுஸ்டினா.